ஏ பிளஸ் சான்றிதழ்: எதை முதலில் படிப்பது, பணம் எப்படிக் கட்டுவது, எஸ்.பி. ரோட்டில் என்ன வாங்குவது?

#1 விவேக்நகர் வாணி

எல்லாருக்கும் வணக்கம். தம்பி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருக்கிறான். சர்வீஸ் டெஸ்க், டெஸ்க்டாப் சப்போர்ட் பக்கம் போக வேண்டும் என்கிறான். அதற்கான அடிப்படைச் சான்றிதழான காம்ப்டியா ஏ பிளஸ் எடுக்க வைக்கலாம் என்று இருக்கிறோம், பணம் நான்தான் கட்டப் போகிறேன்.

தேர்வு ஒன்றா இரண்டா? மொத்தச் செலவை எப்படிக் கணக்குப் போடுவது? ஒரு இன்ஸ்டிடியூட்டில் “கோர்ஸ், எக்ஸாம் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்” என்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்? 220-1101, 1102 என்று தேர்வு எண் போட்ட பழைய புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது, அது போதுமா? வீட்டில் 8 ஜிபி ராம் லேப்டாப் இருக்கிறது. பிராக்டிகலுக்கு பெங்களூர் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் வேறு என்ன வாங்கலாம்?

#2 ரேக்மவுண்ட்

தேர்வு இரண்டு: கோர் 1, கோர் 2. இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ் வரும். ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. மதிப்பெண் 100 முதல் 900 வரையுள்ள அளவுகோலில் வரும். கோர் 1க்கு 675, கோர் 2க்கு 700 வேண்டும். இது சதவீதம் இல்லை, அதனால் 900க்கு 675 என்றால் 75 சதவீதம் என்று கணக்குப் போட வேண்டாம்.

புத்தக விஷயம். 1101, 1102 வரிசையின் ஆங்கிலத் தேர்வு 2025 செப்டம்பர் 25ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது நடப்பது 220-1201, 220-1202. இவை 2025 மார்ச் 25இல் வந்தவை. பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று என்று கலந்து எழுதினால் சான்றிதழ் கிடைக்காது. ஆனால் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம். கேபிள், ராம், பவர் சப்ளை, பிரின்டர், ரெய்டு (பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுவது) இதெல்லாம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. காம்ப்டியா தளத்தில் ‘எக்ஸாம் ஆப்ஜெக்டிவ்ஸ்’ என்ற பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும். 1201க்கு ஒன்று, 1202க்கு ஒன்று. இரண்டையும் பிரின்ட் எடுத்து, புத்தகத்தில் உள்ள தலைப்புகளுக்கு டிக் அடிக்கச் சொல்லுங்கள். டிக் விழாமல் நிற்பதை மட்டும் யூடியூபில் தேடிப் படித்தால் போதும். முழுப் பாடத்திட்டத்துக்கும் அங்கே இலவச வீடியோக்கள் உண்டு. கோர் 2இல் செயற்கை நுண்ணறிவின் அடிப்படை புதிதாக வந்திருக்கிறது, பழைய புத்தகத்தில் அது இருக்காது.

எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். கோர் 1இல் ஹார்டுவேர், நெட்வொர்க் கோளாறு கண்டுபிடிப்பதற்கு 28 சதவீதம், ஹார்டுவேருக்கு 25, நெட்வொர்க்கிங்குக்கு 23. மொபைல் சாதனங்களுக்கு 13, விர்ச்சுவலைசேஷன் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டுவது), கிளவுடுக்கு 11தான். கோர் 2இல் ஆபரேட்டிங் சிஸ்டம் 28, செக்யூரிட்டி 28, சாஃப்ட்வேர் கோளாறுகள் 23, வேலை நடைமுறைகள் 21. அந்தக் கடைசிப் பகுதியை நிறைய பேர் தொடுவதே இல்லை. டிக்கெட் (வரும் புகாரின் பதிவு) எழுதுவது, பேக்கப், ஆன்டிஸ்டாடிக் பாதுகாப்பு, வாடிக்கையாளரிடம் பேசும் முறை எல்லாம் அதில்தான் வருகிறது. படிக்கச் சுலபம், 21 சதவீதம். விட்டுவிடக் கூடாது.

#3 நீலத்திரை

பணம் கட்டும் கணக்கை நான் சொல்கிறேன்.

ஒவ்வொரு தேர்வுக்கும் தனி வவுச்சர், அதாவது கட்டணத்தை முன்னதாகக் கட்டி வாங்கும் கூப்பன். அமெரிக்க விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இந்தியாவுக்கு விலை வேறு. தளத்தில் நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்த பிறகு வரும் தொகைதான் உங்களுக்கானது. வவுச்சர் வாங்கிய நாட்டிலேயேதான் தேர்வும் எழுத முடியும். துபாயில் இருக்கும் மாமா அங்கிருந்து வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

திரையில் காட்டும் விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். கணக்குக்காக ஒரு வவுச்சர் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரி 1,800, ஆக 11,800. இரண்டுக்கும் 23,600. டாலரில் பில் போட்டால் வங்கி வேறு ஒரு மார்க்அப் எடுக்கும். பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம், அந்த மார்க்அப்புக்கும் தனியாக 18 சதவீத ஜிஎஸ்டி. அதே 10,000 ரூபாய்க்கு 3.5 சதவீதம் என்றால் 350, வரி 63. ரூபாயில் பில் வரும் வழி இருந்தால் அதையே பிடியுங்கள்.

பேமென்ட் ஃபெயிலானால் முதலில் பார்க்க வேண்டியது கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனை ஆன் ஆகியிருக்கிறதா என்று. 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம், கடை மெஷின் உபயோகத்துக்கு மட்டும் திறந்து வரும். ஆன்லைன், வெளிநாடு இரண்டையும் நாமே வங்கி ஆப்பில் ஆன் செய்து வரம்பும் வைக்க வேண்டும். பணம் கட்டி முடித்ததும் மறுபடி ஆஃப் செய்துவிடுங்கள்.

வவுச்சர் வாங்கிய நாளிலிருந்து பொதுவாக 12 மாதம் செல்லும். அதற்குள் தேர்வு எழுதியே ஆக வேண்டும். காலாவதியானால் பணம் போனதுதான், திரும்ப வராது.

#4 சிவாஜிநகர் செல்வி

வாணி, பேக்கேஜ் பற்றிக் கேட்டீர்களே. இந்தக் கேள்விகளுக்கு வாய்ப்பேச்சு இல்லாமல் ரசீதிலோ மெயிலிலோ பதில் வாங்குங்கள்.

‘எக்ஸாம் ஃபீஸ் சேர்த்து’ என்றால் ஒரு வவுச்சரா, இரண்டா? அது காம்ப்டியா வவுச்சர்தானா, இல்லை இன்ஸ்டிடியூட் தன் பேரில் நடத்தும் தேர்வா? விளம்பரத்தில் “ஏ பிளஸ், என் பிளஸ், எம்சிஎஸ்ஏ” என்று போட்டு, கடைசியில் தங்கள் சொந்தச் சான்றிதழைக் கையில் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் தன் எம்சிஎஸ்ஏ சான்றிதழையே 2021இல் நிறுத்திவிட்டது. இன்னும் அந்தப் பேரைப் போஸ்டரில் வைத்திருக்கும் இடத்தில் பாடத்திட்டம் எவ்வளவு பழையதாக இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அடுத்து, வவுச்சர் நம்பரை எப்போது கையில் தருவார்கள், அதன் கடைசித் தேதி என்ன? முதல் முறை தவறினால் மறுதேர்வுக் கட்டணம் யாருடையது? லேபில் எத்தனை பேருக்கு ஒரு மெஷின்? மெஷினைக் கழற்ற விடுவார்களா, காட்ட மட்டும் செய்வார்களா?

இதில் இரண்டுக்கு மழுப்பினாலே எழுந்து வந்துவிடலாம்.

வேலைக்கு எடுக்கும் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. பெங்களூரில் பன்னாட்டு நிறுவனங்களுக்கு சர்வீஸ் டெஸ்க் நடத்தும் கம்பெனிகளில் ஏ பிளஸ் ரெஸ்யூமேயை மேலே தூக்கிவிடும். சின்ன அலுவலகத்துக்கு டெஸ்க்டாப் இன்ஜினியர் தேடுபவர் அதைப் பெரிதாகக் கேட்க மாட்டார். “அவுட்லுக் திறக்கவில்லை, என்ன பார்ப்பாய்?” என்றுதான் கேட்பார். அதனால் சான்றிதழ் தனியாக, கைவேலை தனியாக என்று பிரிக்க வேண்டாம்.

#5 பேக்கெட்

நேராக சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ போகலாமே? டிப்ளமோ படித்த பையனுக்கு ஏ பிளஸ் சின்னது. இரண்டு வவுச்சர் பணத்தை அதில் போட்டால் நெட்வொர்க் வேலைக்கே போய்விடலாம்.

#6 சிவாஜிநகர் செல்வி

நெட்வொர்க் வேலைதான் வேண்டுமென்றால் நீங்கள் சொல்வது சரி. அவர் கேட்டிருப்பது டெஸ்க்டாப் சப்போர்ட். அங்கே ஒரு நாளில் வரும் டிக்கெட்டுகள் பாஸ்வேர்டு, பிரின்டர், விபிஎன், லேப்டாப் சூடாவது, புது ஆளுக்கு மெஷின் தயார் செய்வது. சிசிஎன்ஏவில் ரூட்டிங்கும் சுவிட்சிங்கும் ஆழமாக இருக்கும், இவை எதுவும் இருக்காது. பிரின்டர் கோளாறுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் சப்நெட் (நெட்வொர்க்கைப் பிரிக்கும் கணக்கு) மட்டும் போடத் தெரிந்தவரை டெஸ்க்சைடில், அதாவது மேசைக்கே போய்ச் செய்யும் சப்போர்ட்டில், எடுக்கத் தயங்குவார்கள்.

கையில் பணம் குறைவு என்றால் வேறு வழி இருக்கிறது. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் இலவச ஹார்டுவேர் அடிப்படைப் பாடத்தை முதலில் முடிக்கட்டும். அது பிடித்தால் கோர் 1 வவுச்சர் வாங்கலாம்.

#7 கிரிம்பிங் டூல்

எஸ்.பி. ரோடு நம்ம ஏரியா, அதனால வாங்குறதைப் பத்தி மட்டும் சொல்றேன். சிக்பேட்டை மெட்ரோவுல இறங்கி நடந்துடலாம். ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும், மத்த நாள்ல காலைலயே போனா நின்னு பேச ஆள் கிடைப்பாங்க.

பழைய டெஸ்க்டாப் ஒண்ணு வாங்குங்க. ஆனா பெரிய பிராண்டோட ஆபீஸ் மாடலா வர்ற அந்தச் சின்ன டப்பா கேஸ் மட்டும் வேண்டாம். பல மாடல்ல பவர் சப்ளை கனெக்டர், ஃப்ரண்ட் பேனல் வயர் எல்லாம் அந்தக் கம்பெனிக்குன்னே செஞ்சது. படிக்கிறது வழக்கமான 24 பின் ஏடிஎக்ஸ் கனெக்டர், கையில இருக்கிறது வேற ஏதோன்னு ஆயிடும். அசெம்பிள் செஞ்ச மைக்ரோ ஏடிஎக்ஸ் செட் கேளுங்க. ஓடுதா இல்லையாங்கிறதை கடையிலேயே டிஸ்ப்ளே போட்டுப் பாத்துட்டு வாங்குங்க, டிடிஆர்4 ராம் போடுற போர்டா இருந்தா நல்லது.

கூடவே வாங்க வேண்டியது: 2ஆம் நம்பர் பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவர், சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர், தெர்மல் பேஸ்ட், ஐசோப்ரோபைல் ஆல்கஹால், சிஆர்2032 பேட்டரி ரெண்டு, கிரிம்பிங் டூல், லேன் டெஸ்டர், கேட் 6 கேபிள் 10 மீட்டர், ஆர்ஜே45 கனெக்டர் ஒரு பாக்கெட். கனெக்டர் கேட்கும்போது கேட் 6க்குன்னு சொல்லிக் கேளுங்க. கேட் 6 வயர் தடிமன் ஜாஸ்தி, கேட் 5ஈ கனெக்டர்ல நுழையவே அடம் பிடிக்கும். கேபிள்ல ‘சிசிஏ’ன்னு அச்சடிச்சிருந்தா வாங்காதீங்க, அது அலுமினியத்து மேல செம்பு பூசினது. ரெண்டு தடவை வளைச்சா உடையும்.

கிரிம்பிங் பத்தி ஒண்ணு, பரிட்சைக்கும் வேலைக்கும் உதவும். டி568பிங்கிற ஸ்டாண்டர்டு வயர் வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். புதுசா செய்றவங்க ஜோடி ஜோடியா அடுக்கிடுவாங்க: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி. ரெண்டு முனையிலும் அதே மாதிரி போட்டா டெஸ்டர்ல 1லேருந்து 8 வரைக்கும் லைட் ஒழுங்கா எரியும். பாஸ்னு நினைச்சுடுவாங்க. ஆனா நெட்வொர்க் கார்டு 3ஐயும் 6ஐயும் ஒரு ஜோடியா எதிர்பாக்குது, அங்க பச்சையில ஒண்ணும் நீலத்துல ஒண்ணும் இருக்கும். முறுக்கு பிரிஞ்சு போனதால சத்தம் கலந்து, கிகாபிட் வராம ஸ்பீடு இறங்கும், இல்ல லிங்க் விட்டு விட்டு வரும். இதுக்குப் பேர் ஸ்ப்ளிட் பேர். சாதா டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்காது, கண்ணாலதான் கலரைப் பாக்கணும். இன்னொண்ணு, முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல பிரிக்காதீங்க. வெளித்தோல் கனெக்டருக்குள்ள போய், அந்தப் பிளாஸ்டிக் நாக்கு அதைக் கடிச்சுப் பிடிக்கணும். தோல் வெளியில நின்னா இழுத்தவுடனே வயர் வந்துடும்.

#8 ரேக்மவுண்ட்

டூல் அண்ணன் சொன்ன செட் வந்ததும் தம்பி செய்ய வேண்டியது இது. முழுதாகக் கழற்றி, மேசையில் பரப்பி, மறுபடி பூட்டி டிஸ்ப்ளே வர வைக்க வேண்டும். வராது. ஏன் வரவில்லை என்று தேடுவதுதான் கோர் 1இல் கோளாறு கண்டுபிடிக்கும் அந்த 28 சதவீதத்துக்கான பயிற்சி.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு என்றால் முதலில் பிராசஸருக்கான 8 பின் அல்லது 4 பின் பவர் கேபிள் செருகியிருக்கிறதா பாருங்கள். இது 24 பின் கேபிளோடு சேர்ந்து வராது, போர்டின் மேல் மூலையில் தனியாகப் போகும். கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6+2 பின் கேபிளை அங்கே அழுத்தப் பார்க்கக் கூடாது, வயர் அமைப்பே வேறு. அடுத்து ராம், இரண்டு பக்கமும் கிளிக் சத்தம் வரும்வரை இறங்க வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் என்றால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில். ஒன்றை மற்றதில் போட முடியாது. பிறகு மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். இன்டெல் பிராசஸர் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, போர்டின் எச்டிஎம்ஐயில் படமே வராது.

தேதி பழைய வருஷத்துக்குப் போய்க்கொண்டே இருந்தால், பூட் வரிசை மறந்துகொண்டே இருந்தால் போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியைப் பாருங்கள். புதியது 3 வோல்ட் காட்டும்.

மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 வோல்ட். 5 சதவீதம் முன்பின் இருக்கலாம், அதாவது 12க்கு 11.4 முதல் 12.6 வரை. புது பவர் சப்ளைகள் பலவற்றில் எல்லா வயரும் கறுப்பாக இருக்கும், அதில் பின் நம்பர் பார்த்தே அளக்க வேண்டும். பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

#9 விவேக்நகர் வாணி

ரொம்ப நன்றி, இவ்வளவு விவரம் எங்கேயும் கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு. வீட்டிலிருந்தே எழுதலாம் என்கிறார்களே, அது நல்லதா, மையத்துக்குப் போவதா? பிறகு, தம்பிக்கு படிப்புச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’, ஆதாரில் ‘கார்த்திக் எஸ்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. எதைப் போட்டுப் பதிவு செய்வது?

#10 நீலத்திரை

பெயரை முதலில் முடியுங்கள். நம்மவர்கள் பணத்தை இழக்கும் இடம் அதுதான்.

பதிவு படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி. தேர்வு நாளன்று காட்டப் போகும் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டப் போகிறார் என்றால் அதில் ‘கிவன் நேம்’ இடத்தில் இருப்பது முதல் பெயர் பெட்டிக்கு, ‘சர்நேம்’ இடத்தில் இருப்பது கடைசிப் பெயர் பெட்டிக்கு. இனிஷியலை வைத்து எழுதிவிட்டு, விரித்த பெயருள்ள பாஸ்போர்ட்டோடு போய் நின்றால் திருப்பி அனுப்ப உரிமை உண்டு. அப்படித் திரும்பினால் கட்டணம் வராது. காம்ப்டியா கணக்கிலும், தேர்வை நடத்தும் பியர்சன் வியூ கணக்கிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். தவறாகப் பதிந்திருந்தால் இரண்டாவது கணக்கு திறக்க வேண்டாம், சப்போர்ட்டுக்கு எழுதித் திருத்துங்கள். இரண்டு கணக்கில் ஒவ்வொரு தேர்வு விழுந்தால் சான்றிதழ் சேராது, அதை ஒன்றாக்க மறுபடி அலைய வேண்டும்.

கையில் பாஸ்போர்ட் இருப்பதால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். காலாவதி தேதி மட்டும் பார்த்துவிடுங்கள். ஜெராக்ஸும் போனில் உள்ள படமும் செல்லாது, அசல் வேண்டும்.

#11 அல்சூர் ஏரிக்கரை

வீடா மையமா என்பதற்கு என் பதில் மையம். விவேக் நகர் மாதிரி நெருக்கமான தெருவில் வீட்டிலிருந்து எழுதுவது கஷ்டம்.

வீட்டுத் தேர்வில் கேமரா வழியாக ஒருவர் முழு நேரமும் பார்த்துக்கொண்டிருப்பார். தொடங்குமுன் அறையின் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். மேசையில் பேப்பர், பேனா, போன், புத்தகம் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டாவது மானிட்டர் கூடாது. யாரும் உள்ளே வரக் கூடாது, அம்மா காபி டம்ளரோடு கதவைத் திறந்தாலே தேர்வை நிறுத்தலாம். கேள்வியை வாய்விட்டுப் படிக்கக் கூடாது, தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு உதடு அசைத்துப் படிக்கும் பழக்கம் இருந்தால் இது பெரிய தொல்லை. திரையை விட்டுக் கண் விலகினாலும் எச்சரிக்கை வரும். பெஸ்காம் கரன்ட் போய், ரௌட்டருக்கு யூபிஎஸ் இல்லையென்றால் இணைப்பு அறுந்துவிடும். ஆபீஸ் லேப்டாப்பில் விபிஎன்னும் ஃபயர்வாலும் தேர்வு சாஃப்ட்வேரைத் தடுக்கும்.

மையத்தில் இந்தக் கவலை இல்லை. எழுதி அழிக்கும் பலகை ஒன்று தருவார்கள், ரெய்டு கணக்கோ போர்ட் நம்பரோ அதில் குறித்துக்கொள்ளலாம். அரை மணி முன்னால் போய்ச் சேர வேண்டும். 15 நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் உள்ளே விடாமல் இருக்கலாம், அப்போதும் கட்டணம் போகும். அதனால் டிராஃபிக் நெரியும் சில்க் போர்டு தாண்டிப் போகும் மையத்தைக் காலை நேரத்துக்கு எடுக்காதீர்கள். மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரத்தில் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். தேதி மாற்ற வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன் மாற்றிவிட வேண்டும்.

#12 பேக்கெட்

செல்வி சொன்னது நியாயம்தான், டெஸ்க்சைடுக்கு ஏ பிளஸே சரி. ஒரு சந்தேகம்: இரண்டு தேர்வையும் ஒரே நாளில் எழுதலாமா? வவுச்சரும் சேர்த்து வாங்கினால் குறையுமா?

#13 ரேக்மவுண்ட்

எழுதத் தடை இல்லை, ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். கோர் 1க்கு மட்டும் வவுச்சர் வாங்கி, அது தேறிய பிறகு கோர் 2க்கு வாங்குவதுதான் பணத்துக்குப் பாதுகாப்பு. முதல் தேர்வில் எந்தப் பகுதி பலவீனம் என்று மதிப்பெண் தாளிலேயே வரும். தவறினால் இரண்டாவது முறைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, மூன்றாவது முறையிலிருந்து 14 நாள் இடைவெளி வேண்டும். ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம். மறுதேர்வு சேர்ந்த வவுச்சர் கொஞ்சம் கூடுதல் விலைக்குக் கிடைக்கும். மாதிரித் தேர்வில் தொடர்ந்து 85 சதவீதத்துக்கு மேல் எடுப்பவருக்கு அது வேண்டாம். 75இல் தடுமாறுபவர் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுப்பதற்குப் பதில் தேதியைத் தள்ளிப் போடலாம்.

#14 அல்சூர் ஏரிக்கரை

கேள்வியைப் படிக்கும் விதம் பற்றி யாரும் சொல்லவில்லை. தேர்வு தமிழில் இல்லை. ஆங்கிலக் கேள்வியில் பாடம் தெரிந்தும் தவறுவது ‘ஃபர்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘பெஸ்ட்’, ‘மோஸ்ட் லைக்லி’ என்ற நாலு சொல்லில்தான். நாலு விடையுமே சரியான வேலைகளாக இருக்கும். எது முதலில், எது அடுத்தது என்பதுதான் கேள்வி.

இதற்கு காம்ப்டியாவின் ஆறு படிகளை வரிசையாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பிரச்சினையை அடையாளம் காண்பது, காரணத்தை ஊகிப்பது, ஊகத்தைச் சோதிப்பது, திட்டம் போட்டுச் செயல்படுத்துவது, முழுதும் வேலை செய்கிறதா என்று சரிபார்ப்பது, எழுதி வைப்பது. உதாரணமாக, டிரைவரை மாற்றியதும் பிரின்டர் அச்சடிக்கிறது, அடுத்து என்ன என்று கேட்டால் ‘டிக்கெட்டை மூடி விவரம் எழுது’ என்பது விடை இல்லை. பயனரின் கோப்பை அச்சடித்துச் சரிபார்ப்பதுதான் அடுத்தது. எழுதுவது கடைசி.

வைரஸ் நீக்கும் வரிசையும் இப்படித்தான். அறிகுறியை உறுதி செய்த உடனே மெஷினை நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க வேண்டும். பிறகு விண்டோஸைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் சிஸ்டம் ரெஸ்டோரை நிறுத்த வேண்டும். ஏனென்றால் பழைய ரெஸ்டோர் பாயின்டிலேயே வைரஸ் ஒளிந்திருந்தால், சுத்தம் செய்த பிறகு அதுவே திரும்ப வரும். அதன் பின்தான் அப்டேட், ஸ்கேன், நீக்கம். சுத்தமான பிறகு ஸ்கேனுக்கு அட்டவணை போட்டு, ரெஸ்டோரைத் திறந்து புது பாயின்ட் எடுத்து, கடைசியாகப் பயனருக்குச் சொல்லிக் கொடுப்பது.

#15 நீலத்திரை

8 ஜிபி லேப்டாப்பை விட்டுவிட்டோம். எஸ்எஸ்டி இருந்தால் போதும். லேப்டாப்புக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை (விர்ச்சுவல் மெஷின், விஎம்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் 90 நாள் சோதனைப் பதிப்பு கிடைக்கும். பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்து, விஎம்முக்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க் கொடுங்கள். பிரௌசரை மூடிவிட்டு ஓட்டினால் வேலைக்கு ஆகும்.

செய்து பார்க்க வேண்டியவை: ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, விஎம்மின் நெட்வொர்க்கை ‘இன்டர்னல் நெட்வொர்க்’ என்று மாற்றுங்கள். அங்கே ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும் டிஎச்சிபி கிடையாது. உள்ளே ஐபிகான்ஃபிக் கொடுத்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருக்கும். கோர் 1இல் திரும்பத் திரும்ப வரும் விஷயம் இது, இந்த முகவரியைக் கண்டால் டிஎச்சிபி கிடைக்கவில்லை என்று அர்த்தம். பிறகு பழையபடி மாற்றி, தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸின் முகவரியை மட்டும் தப்பாகப் போடுங்கள். 8.8.8.8க்கு பிங் போகும், இணையதளப் பெயருக்குப் போகாது. இரண்டுக்கும் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தவன் பரிட்சையில் குழம்ப மாட்டான். இரண்டாவது விர்ச்சுவல் டிஸ்க் ஒன்று சேர்த்து, டிஸ்க்கைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் கருவியைப் பழகட்டும். ‘கிளீன்’ கட்டளை கேள்வி கேட்காமல் அழிக்கும், அதனால் ‘லிஸ்ட் டிஸ்க்’ பார்த்து நம்பரை உறுதி செய்யாமல் அடிக்கக் கூடாது. அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்திவிட்டு அச்சடிக்க முயன்று, என்ன பிழை வருகிறது என்றும் பார்க்கட்டும்.

#16 விவேக்நகர் வாணி

டெலிகிராமில் ஒருவர் “ரியல் எக்ஸாம் கேள்விகள், பாதி விலை வவுச்சர்” என்று தம்பிக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். நம்பலாமா?

#17 சிவாஜிநகர் செல்வி

பிளாக் செய்யச் சொல்லுங்கள். அந்தக் கேள்வித் தொகுப்புகளைப் பயன்படுத்த மாட்டேன் என்று தேர்வுக்கு முன் ஒப்பந்தத்தில் ஒப்புக்கொள்கிறோம். கண்டுபிடித்தால் தேறிய பிறகும் சான்றிதழை ரத்து செய்யலாம், மறுபடி எழுதவும் தடை போடலாம். அந்த வவுச்சரும் திருடிய கார்டில் வாங்கியதாக இருந்தால் பின்னால் செல்லாமல் போகும். காம்ப்டியா கடை, பியர்சன் வியூ, அல்லது காம்ப்டியா தன் தளத்தில் பங்குதாரர் என்று காட்டும் இடம், இவை மூன்றில் மட்டும் வாங்குங்கள்.

#18 ரேக்மவுண்ட்

தேர்வு அறைக்கு ஒன்று. முதலிலேயே செய்முறைக் கேள்விகள் வரும்: படத்தில் கேபிளை இழுத்து வைப்பது, கமாண்ட் திரையில் தட்டுவது, ரௌட்டர் அமைப்பது போன்றவை. அதில் உட்கார்ந்தால் ஒவ்வொன்றும் பத்து நிமிஷத்தை விழுங்கும். கொடி போட்டு வைத்துவிட்டு மற்றதை முடித்து, 25 நிமிஷம் மிச்சம் இருக்கும்போது திரும்புங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், எதையும் காலியாக விட வேண்டாம்.

#19 கிரிம்பிங் டூல்

லேசர் பிரின்டரை விட்டுட்டீங்களே. தேய்ச்சா டோனர் கையில வந்தா டோனரை உருக்கி ஒட்டுற ஃபியூசர் சூடு பத்தலை. பேப்பர் நீளத்துக்கு ஒரே இடத்துல கோடு விழுந்தா டிரம்ல கீறல். அச்சடிச்சது கொஞ்சம் கீழ மங்கலா திரும்பத் தெரிஞ்சா டிரம் சுத்தமாகலை. படி வரிசை: பிராசசிங், சார்ஜிங், எக்ஸ்போசிங், டெவலப்பிங், டிரான்ஸ்ஃபரிங், ஃபியூசிங், கிளீனிங்.

#20 பேக்கெட்

தேறிய பிறகு எவ்வளவு நாள் செல்லும்?

#21 நீலத்திரை

மூன்று வருஷம். புதுப்பிக்க அந்தக் காலத்துக்குள் 20 சிஇயூ (தொடர் கல்வி) புள்ளிகள் சேர்த்து, வருஷத்துக்கு 25 டாலர் கட்ட வேண்டும். அதைவிட நல்ல வழி, அதற்குள் நெட்வொர்க் பிளஸ் அல்லது செக்யூரிட்டி பிளஸ் தேறுவது. ஏ பிளஸ் தானாகப் புதுப்பிக்கப்படும், அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. வாணி, வவுச்சர் வாங்கும்போது ஜிஎஸ்டி இன்வாய்சை தம்பி பெயரில் எடுத்து, மதிப்பெண் தாளோடு பத்திரமாக வையுங்கள். சேரும் கம்பெனியில் சான்றிதழ் செலவைத் திருப்பித் தரும் திட்டம் இருந்தால் இந்த இரண்டையும்தான் கேட்பார்கள். சில இடத்தில் சேர்ந்த தேதிக்குப் பிறகு எழுதிய தேர்வுக்கு மட்டும் தருவார்கள், ஆஃபர் கையில் வந்திருந்தால் கோர் 2 தேதியை வைக்குமுன் எச்ஆரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.